தலைமாட்டில் உட்கார்ந்து மாட்டிய ரப்பர்

துணி துவைக்கும் மெஷினின் கதவு ரப்பர் பாதி கிழிந்து கையோடு வந்த நேரத்தில்தான் வாசல் மணி அடித்தது. பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். மாமனார்.

மாமனார் ஒரு பெரிய தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வாசலில் நின்று செருமினாலே நின்றுபோன இயந்திரமெல்லாம் பயந்துபோய் ஓட ஆரம்பிக்கும் என்று பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து மருமகனை நம்பி அவர் ஒரு திருப்புளியைக்கூடக் கொடுத்ததில்லை. டார்ச் பிடிக்கச் சொல்வார். அதிலும், "ஆடாமப் பிடிங்க மாப்பிள்ளை" என்பார்.

இன்று அவர் நாற்காலியை இழுத்து மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடலையா மாப்பிள்ளை?"

"ரப்பர் மாத்துறதுக்கு எதுக்கு மாமா மெக்கானிக்? நாள் பூரா வாய்க்குள்ள கைய விட்டு வேலை பாக்குறவன் நான்."

மனைவி டாக்டரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அப்பா முன்னாடி எதுக்குங்க இந்த வீரம்?"

"இன்னைக்கு மாட்டிக் காட்டலைன்னா எனக்கு ஆயுசுக்கும் டார்ச்தான்டி."

குனிந்து வேலை பார்த்து டாக்டருக்குப் பழக்கமில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் சாய்ந்துதான் வாயைத் திறப்பார்கள். எனவே சோபா மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, மெஷினை மல்லாக்கச் சாய்த்தார். அதன் அடிவயிற்றில் தங்கியிருந்த நேற்றைய அழுக்குத் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியே நிதானமாக வெளியேறி மெத்தைகளில் குடியேறியது.

"ஏன் சாய்ச்சீங்க?" என்றார் மாமனார்.

"ஒரு வசதிக்கு மாமா."

"ஓ."

அந்த 'ஓ'வில் டாக்டருக்குப் பாதி எடை குறைந்தது.

ரப்பரைச் சுற்றி இறுக்கியிருந்த கம்பி வளையத்தைப் பல் பிடுங்கும் குறட்டால் நெம்பினார். அது விடுதலை பெற்ற உற்சாகத்தில் கூடத்தை ஒரு சுற்று சுற்றி, அலமாரி மேலிருந்த பூ ஜாடியின் கழுத்தில் மாலையாக விழுந்தது. ஜாடி அந்த மரியாதையைத் தாங்காமல் கீழே குதித்தது.

"கல்யாணத்துக்கு வந்த ஜாடி" என்றாள் மனைவி.

மாமனார் எழுந்துபோய் வளையத்தை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்தப் பக்கமா நெம்புனீங்க?"

"ஸ்பிரிங் இருக்கிற பக்கமா மாமா."

"ம்."

டாக்டர் வழக்கப்படி மெஷினின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாங்கி வைத்திருந்த புது ரப்பரைப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷினை நிமிர்த்தி ஓட விட்டார். ஒரு சொட்டு கசியவில்லை. ஓடி முடிந்ததும் வெற்றிச் சிரிப்போடு கதவைத் திறந்தார். ரப்பர் மடிப்பில் காத்திருந்த தண்ணீர் மொத்தமும் மாமனாரின் காலைக் கழுவியது.

மாமனார் காலை நகர்த்தவே இல்லை. "ஏன் இப்படி ஆச்சு, சொல்லுங்க?" என்றார்.

படிப்பை முடிக்கும்போது நடந்த வாய்மொழித் தேர்வு டாக்டருக்கு ஞாபகம் வந்தது. அதிலும் இப்படித்தான் வியர்த்தது.

"தண்ணி வடியுற ஓட்டை கீழ வரணும் மாமா. நான் தலைமாட்டுல உட்கார்ந்தே பழகினவன். கீழ்த்தாடைன்னு நெனச்சு மேல்தாடையில வச்சுட்டேன்."

"ஓட்டை கீழ" என்று மாமனார் முணுமுணுத்தார்.

மறுபடியும் கழற்றி, இந்த முறை மெஷின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார் டாக்டர். கேள்விகள் நிற்கவில்லை.

"ஓரத்துல சோப்புத் தண்ணி எதுக்கு?"

"வழுக்கிட்டு உள்ள போகும் மாமா."

"கம்பியை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

"மேல இருந்து சுத்திட்டு வந்து, ஸ்பிரிங்கைக் கீழ இழுத்து விடணும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். மெஷின் ஓடியது, நின்றது, கதவு திறந்தது. மாமனார் குனிந்து தரையை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மருமகன் தோளில் தட்டினார்.

"நல்ல வேலை, மாப்பிள்ளை."

காபிகூட வேண்டாம் என்று அவசரமாகக் கிளம்பிப் போனார்.

டாக்டர் நனைந்த மெத்தை மேலேயே மகாராஜாவாகச் சாய்ந்தார். "பாத்தியா, உங்கப்பா கேக்காத கேள்வி இல்ல. ஒண்ணுலயாவது மடக்க முடிஞ்சுதா? இனிமே டார்ச்சை அவரு பிடிக்கட்டும்."

அப்போது மனைவியின் ஃபோன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார்.

"ஏண்டி, அப்பா கிளம்பிட்டாரா? மாப்பிள்ளை ரப்பர் மாத்தப் போறாருன்னு நீ சொன்னதும் துண்டை உதறிக்கிட்டு ஓடி வந்தாரே, எல்லாத்தையும் ஒழுங்காப் பாத்துக் கத்துக்கிட்டாரா? இங்க நம்ம மெஷின் ரப்பரைப் பிடுங்கிப் போட்டுட்டு, திருப்பி மாட்டத் தெரியாம ஒரு வாரமா என்னைக் கையால துவைக்க விட்டிருக்காரு மனுஷன்."