அக்காவின் பத்திரத்துக்கு ஒரு பாலபிஷேகம்

அதிகாரம் கைக்கு வந்தால் மனுஷனுக்கு முதலில் மாறுவது நடை. சுங்கை பட்டாணி வக்கீல் ஆபீஸ் படியில் நான் சாதாரணமாகத்தான் ஏறினேன். இறங்கும்போது எஸ்டேட் மானேஜர் மாதிரி இறங்கினேன். (பின்னால் வந்த அக்கா, "என்னடா, கால் சுளுக்கா?" என்று கேட்டார்.)

சரோஜா அக்கா பக்கத்து ஊரான திகாம் பத்துவில் தனியாக இருப்பவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம். துணைக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. மறுநாள் சாயங்காலம் விமானம். திரும்பி வர பல மாதம் ஆகும். அதுவரை வீட்டை வாடகைக்கு விடவும், அக்காவுக்காகக் கையெழுத்துப் போடவும் என் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதினோம். மலாயில் சூராட் குவாசா. குவாசா என்றால் அதிகாரம். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வக்கீலம்மா பக்கம் பக்கமாக விளக்க, நான் தலையாட்டினேன். (கல்யாணமானவன். தலையாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.)

அலோர் ஸ்டார் நீதிமன்றத்தில் அதைப் பதிய வேண்டும். வழக்கமாக ஆபீஸிலிருந்தே ஆள் போவார். நான்தான், "எனக்குத்தான் பவர் இருக்கே, நானே கொண்டு போறேன்," என்று வாங்கிக்கொண்டேன். அக்கா மூட்டை கட்ட வீட்டுக்குப் போனார். நான் காரில் ஏறியதும் மனைவிக்குப் போன் போட்டேன்.

"தேவி, அக்கா வீட்டு ஹால்ல இனிமே நம்ம பஜனை. முன்சுவருக்குக் காவி பெயிண்ட்."

"அக்காவைக் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? பவர் என்கிட்ட இருக்கு லா."

நல்ல காரியத்தை அம்மாவிடம் காட்டாமல் தொடங்கும் வழக்கம் எனக்கில்லை. வழியில் மாரியம்மன் கோயிலில் காரை நிறுத்தினேன். யாரோ வேண்டுதலுக்கு எடுத்து வந்த பால்குடம் அபிஷேகத்துக்குத் தயாராக இருந்தது. பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தேன். (அருள் பிளாஸ்டிக்குக்குள் போகுமா என்று சந்தேகம்.) நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பூசாரியிடம் கொடுத்தேன்.

"ஓரமா வைக்கட்டுமா?" என்றார்.

"இல்ல சாமி, நல்லா அம்மா காலை ஒட்டி வைங்க."

ஒட்டியே வைத்தார். நான் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன். குடம் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் பாதத்தோடு சேர்ந்து என் பவரும் குளித்துக்கொண்டிருந்தது. அக்கா மை பேனாவில் போட்ட கையெழுத்து, நீலமாகப் பாலில் கரைந்து ஓடியது.

இதையும் அருள் என்றுதான் நினைத்தேன். துண்டால் ஒற்றி எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பத்திரத்தை இரண்டு விரலால் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"பாக்சிக், இது என்ன வாசம்?" என்று மலாயில் கேட்டார். (பாக்சிக் என்றால் மாமா.)

"சுசு," என்றேன். பால்தானே.

பக்கத்துக் கவுண்டர்காரரும் வந்து முகர்ந்துவிட்டுப் போனார்.

"வீட்டுக்குச் சொந்தக்காரர் யார்?"

"நான்தான்." (நடை மட்டுமா, நாக்கும் மாறியிருந்தது.)

"அவருக்குப் பதிலாகச் செயல்படப்போவது?"

"அதுவும் நான்தான்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு நீங்களே அதிகாரம் கொடுத்துக்கிட்டீங்களா?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: கையெழுத்தே இல்லை, சொந்தக்காரர் புதிதாகப் போட்டாக வேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கே முடியாவிட்டால், வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அக்கா பயணத்தைத் தள்ளிப்போடுவார். அங்கே மகள் தனியாக வலியில் கிடப்பாள். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பத்திரம் நனைஞ்சிருச்சு."

"மழையா?"

"பால்."

"வக்கீல் ஆபீசுக்கு வந்துடறேன். நீ வழியில எதையும் தொடாம வா," என்றார்.

ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். எஸ்டேட் மானேஜர் நடையைக் காணோம். வக்கீலம்மா புதுப் பத்திரம் எடுத்து வைத்தார்; ஆனால் கையெழுத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து, "அண்ணே, இதுல உங்க வேலை என்ன, சொல்லுங்க," என்றார்.

"வீட்டுக்கு நான்தான் பொறுப்பு."

"அக்கா பேர்ல, அக்கா நன்மைக்கு, அக்கா எழுதிக் கொடுத்த அளவுக்கு மட்டும். கணக்குக் காட்டணும். அக்கா நினைச்சா எப்பவும் ரத்து பண்ணலாம்."

"அப்ப காவி பெயிண்ட்?" வாய் தவறி வந்துவிட்டது.

"என்ன காவி பெயிண்ட்?" என்றார் அக்கா.

சொன்னேன். பஜனையையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"எனக்குக் கால் ஆபரேஷன் ஆனப்ப என் பால்குடத்தை யாருடா தூக்கினது?"

"நான்தான்க்கா."

"தாகம் எடுத்துச்சா?"

"நாக்கு வறண்டு போச்சு."

"குடிச்சியா?"

"சாமிக்கு நேர்ந்த பாலை எப்படிக்கா..."

"யார் பேரைச் சொல்லி ஊத்தினே?"

"உங்க பேரைத்தான்."

"அவ்வளவுதான்டா இந்த வேலையும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பால்பாயிண்ட் பேனா.

பத்திரத்தைப் பதிய ஆபீஸ் ஆளே போனார். என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

அக்கா விமானம் ஏறினார், பேத்தி பிறந்தாள். வாடகைக்கு இரண்டு டீச்சர்கள் வந்தார்கள். குழாய் ஒழுகினாலும் அக்காவுக்குப் போன் போட்டுத்தான் ஆள் பிடித்தேன். அக்கா திரும்பி வந்த அன்று சாவியை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்டார்.

"பால் அப்படியே இருக்கா?"

"ஒரு சொட்டு குறையலக்கா."

இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் நான் தட்டைத் தூக்கினாலும் குடத்தைத் தூக்கினாலும், "தம்பி, குடிச்சிராதே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. அபிஷேகம் கண்ட பழைய பத்திரத்தைக் குப்பையில் போட மனசு வராமல் சாமி அலமாரியில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் எறும்பு மொய்த்துவிட்டது.

தேவி சொல்கிறாள், "அதுங்களுக்கும் பவர் இருக்கு போல."