எல்லார் எச்சிலும் நீலம்

கடையில் வாங்கி வைத்திருந்த நொதி தீர்ந்துபோனது அன்று காலைதான் தெரிந்தது. மூன்று மணிக்கு வெளியூர்த் தேர்வாளர் வருகிறார். ஆறு வருட ஆராய்ச்சி, இரண்டு முறை கெஞ்சி வாங்கிய கால நீட்டிப்பு. இன்றைக்கும் முடிவு காட்டாவிட்டால் பட்டம் அம்போதான். ஆய்வுக்கூடமே 'பாகற்காய்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எச்சில் இருக்கேம்மா. அதுலயும் அதே நொதிதானே" என்றார் பேராசிரியர், ஏதோ பக்கத்துக் கடையில் கிடைப்பதுபோல.

சொன்னது சரிதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அந்த நொதியின் வேலை. பாகற்காயிலிருந்து தான் பிரித்தெடுத்த பொருள் அந்த வேலையைத் தடுக்கும் என்பது அவள் கட்சி. கஞ்சியில் எச்சிலைக் கலந்து, அரை மணி கழித்து அயோடின் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாவு கரைந்திருந்தால் நீலம் வராது. கரையாமல் கிடந்தால் வரும்.

கூடத்துக்குள் துப்பக் கூடாது என்பது விதி. ஆகவே பின்பக்கம் குழாயடிக்குப் போய், குவளையில் துப்பி, ஆய்வுக்கூட உதவியாளரிடம் கொடுத்தாள். ஓய்வு பெற நாலு மாதமே இருந்தாலும் அந்த மனிதர் வேலையில் ஒரு குறை வைக்கமாட்டார். சற்று நேரத்தில் பளிச்சென்ற சோதனைக் குழாயில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

பாகற்காய்ப் பொருள் சேர்த்த கஞ்சி நீலமானது. அவள் குதிக்காத குறைதான். ஒப்பிட்டுப் பார்க்க, பொருள் சேர்க்காத கஞ்சியிலும் அயோடின் விட்டாள். அதுவும் நீலம்.

தன் எச்சிலில் சத்தே இல்லையோ என்று பயந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவன் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்து துப்பினான். அதுவும் நீலம்.

பேராசிரியர் தாடையைத் தடவியபடி, வீட்டில் தினமும் என்ன குடிக்கிறீர்கள் என்று விசாரித்தார். மூன்று வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கவைக்கிறாள் என்று கணவன் ஒப்பித்தான். இத்தனை நாள் முறையிட ஆள் கிடைக்காத ஏக்கம் குரலில் தெரிந்தது.

"அட, மருந்து வாயிலயே தங்கி வேலை செய்யுதும்மா!" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார்.

சாறு குடிக்காதவர் எச்சில் வேண்டுமே என்று தானே போய்த் துப்பிவிட்டு வந்தார். நீலம். கொஞ்சம் நெளிந்துவிட்டு, ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் அவள் வைக்கும் சாற்றில் தினமும் ஒரு வாய் எடுத்துக்கொள்வதுண்டு, தனக்கும் சர்க்கரை இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டார். சாறு குறைகிற மர்மம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் கோபப்பட நேரமில்லை. அவர் அதற்குள் ஆய்வின் தலைப்பையே மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறந்ததிலிருந்து தான் பாகற்காயைக் கையால்கூடத் தொட்டதில்லை என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார்.

அரை மணி கழித்து அவருடைய குழாயில் அயோடின் விழுந்தது. நல்ல கருநீலம்.

ஆறு வருடமும் கண்ணெதிரே கரைவதைப் பார்த்து அவள் அயோடின் புட்டியை மூடி வைத்தாள்.

"உயிரோட இருக்கிற எந்த மனுஷன் எச்சிலும் மாவைக் கரைச்சே தீரும்மா" என்றார் தேர்வாளர். "அந்த நொதி சாகணும்னா எச்சிலைக் கொதிக்க வைக்கணும். அந்தக் கூத்தை யாராவது பண்ணுவாங்களா?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் உழைப்பு பேச்சில் வந்துவிட்ட பூரிப்போடு உதவியாளர் முன்னே வந்தார்.

"அதுல எல்லாம் நான் குறையே வைக்கலீங்க சார், நாலு பேர் எச்சிலாச்சே, மேடத்துக்கு நோய்நொடி எதுவும் ஒட்டிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் தளதளன்னு கொதிக்க வெச்சு, ஆறவெச்சுத்தான் கொண்டாந்து குடுத்தேன்."