கண்டன ரசிகை

நாடகம் பார்க்கிறவர்களில் இரண்டே வகைதான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்: பிடித்துப் பார்க்கிறவர்கள், பிடிக்காமல் எழுந்து போகிறவர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது ஐயா. பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டே, தொடக்கப் பாட்டிலிருந்து கடைசியில் ஓடும் பெயர்கள்வரை ஒரு காட்சி விடாமல் பார்த்து முடித்து, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, அடுத்த பாகம் எப்போது வருகிறது என்று முதல் ஆளாக விசாரிக்கிற இனம். கண்டன ரசிகர் என்று பெயர் வைக்கலாம். ஜோர்டானில், எங்கள் அம்மான் நகரத்தில், இந்த இனம் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. இல்லாத வீட்டில் டிவி ரிப்பேர் என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு தொடர் வந்தது. இதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். நாலைந்து பிள்ளைகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒருத்தியை வாட்டி எடுக்கிறார்கள். அவள் பையை ஒளிக்கிறார்கள், பெயரைக் கெடுக்கிறார்கள், அவள் அழ அழச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஊர் கொதித்துவிட்டது. எதற்கு என்கிறீர்கள்? அந்தப் பெண் பட்ட பாட்டுக்கா? பாவாடை நீளம் போதாது என்று ஒரு கட்சி. நம் பிள்ளைகள் இப்படித் திட்டுவார்களா என்று இன்னொரு கட்சி, அந்தத் திட்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லிக் காட்டிவிட்டுக் கேட்டது. பள்ளிக்கூடத்துச் சுவரின் நிறம் தப்பு என்று கண்டுபிடித்த ஒரு பெரியவர், அதிலேயே முழுக் கதையும் பொய் என்று நிரூபித்துவிட்டார்.

இந்த இனத்தின் திலகம் உம்மு கைஸ். மூத்த மகன் கைஸ் பிறந்த நாளிலிருந்து அவள் கைஸின் தாய், அதாவது உம்மு கைஸ். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் தொடர் ஆரம்பிக்கிற நேரத்தில் மடியில் ஒரு தாம்பாளம் நிறைய சீமைச் சுரைக்காயோடு வந்து உட்காருவாள். அரிசியும் கறியும் அடைத்துச் சமைப்பதற்காக ஒவ்வொரு காயையும் குடைந்தெடுக்க வேண்டும். கொடுமை ஏற ஏற, குடைகிற கையும் வேகம் ஏறி, காய் மறுபக்கம் பொத்துக்கொண்டுவிடும். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் ஓட்டைச் சுரைக்காய்தான்.

"பாருங்க, பாருங்க! இப்படியா நம்ம ஊர்ப் பொண்ணுங்க? அல்லாவே! எவனோ காசு குடுத்து நம்ம மானத்தை வாங்குறான்!"

"பிடிக்கலேன்னா அணைச்சிடேன்" என்பார் கணவர் அபூ கைஸ்.

"அணைச்சிட்டா நான் எதைக் கண்டிக்கிறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

கீழே விரிப்பில் படுத்துத் தர்பூசணி விதை கொறித்தபடி சின்ன மகள் ஜுமானாவும் பார்ப்பாள். பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. திரையில் அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்ட இடத்தில் ஜுமானா களுக்கென்று சிரித்தாள். உம்மு கைஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேட்டீங்களா? இந்தப் புளுகைப் பார்த்து குழந்தைக்கே சிரிப்பு வருது!"

மறுநாள் காலையில் பள்ளித் தாய்மார்களின் செல்போன் குழுவில் அவளுடைய குரல் பதிவு வந்துவிடும். முன்தினக் கதை முழுவதும், நடிப்போடு; நடுநடுவே கண்டனம். தொடரைப் பார்க்க நேரமில்லாத தாய்மார்கள் அதைக் கேட்டே கதை தெரிந்துகொண்டார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு காரமான கண்டனம் அனுப்புவது, அது உம்மு கைஸின் குரலில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

"இன்னிக்கே பேசிடுங்க" என்றாள் எதிர்வீட்டு உம்மு வஸீம்.

"கடைசி ரெண்டு பகுதி பாக்கி இருக்கே. முழுசாப் பார்க்காம கண்டிக்கிறது நியாயமா?"

எவ்வளவு நேர்மை பாருங்கள்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. உம்மு ஸாஹிர் என்று ஒரு பெண்மணி, தெற்கே கரக் பக்கத்துக்காரர், அம்மானுக்குக் குடிவந்து ஒரு வருடம். "உங்களைப் பார்த்து ஒரு காரியம் கேக்கணும், நாத்தனாரோட வரலாமா?" என்றாள். உம்மு கைஸுக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு, தானியா. மருந்தாளர் படிப்பு முடித்து இரண்டு வருடமாகிறது. முன்பின் தெரியாத ஒரு தாய், கூட ஒரு நாத்தனார், ஒரு காரியம். போதாதா? போனை வைத்த கையோடு மெத்தை உறைகளை மாற்றினாள், ஏலக்காய் கூடப் போட்டுக் காப்பித்தூள் அரைத்தாள், தானியாவை மூன்று தடவை உடை மாற்ற வைத்தாள்.

வந்தவர்கள் கையில் ஒரு தட்டு இனிப்பு. உம்மு கைஸின் மனசு துள்ளியது. தானியா காப்பி கொண்டுவந்து வைத்தாள். உம்மு ஸாஹிர் கோப்பையை வாங்கினாள், வாயில் வைக்கவில்லை. முன்னால் இருந்த முக்காலியில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனாரும் அப்படியே.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்: விருந்தாளி காப்பியைத் தொடாமல் வைத்தால், கேட்க வந்தது கிடைத்தால்தான் குடிப்பார் என்று பொருள். பெண் கேட்டு வருகிறவர்கள் செய்வது. உம்மு கைஸுக்குத் தலைகால் புரியவில்லை. பிகு செய்துகொள்ள வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணுங்களைப் பத்தி நானே சொல்லக் கூடாது. ஆனா ஊரைக் கேட்டுப் பாருங்க. ஒரு வார்த்தை அதட்டிப் பேசத் தெரியாது. எறும்பை மிதிச்சாக்கூட அழுதுடுவாங்க. டிவியில காட்டுறானே ஒரு கண்றாவி, அந்த மாதிரியெல்லாம் எங்க வீட்டில கிடையாது!"

"அக்கா, நான் கேக்க வந்தது என்னன்னா…"

"கேக்கவே வேணாம்! என் வீட்டில வந்து இல்லைன்னு திரும்பிப் போனவங்க கிடையாது. காப்பியைக் குடிங்க. நீங்க எதுக்கு வந்தீங்களோ, அது உங்களுக்குக் குடுத்தாச்சு!"

"வார்த்தை குடுத்துட்டீங்க" என்றாள் உம்மு ஸாஹிர்.

"நான் சாட்சி" என்றாள் நாத்தனார்.

இருவரும் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். பிறகு உம்மு ஸாஹிர் சொன்னாள்: "இப்ப உங்க சின்னப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"சின்னவளா? ஜுமானாவா? ஐயோ, அவ பத்தாவதுதானே படிக்கிறா! உங்க பையனுக்கு என்ன வயசு?"

"எம் பையனுக்கு ஒன்பது வயசு. அவன் எதுக்கு இதில?"

உம்மு கைஸ் வாயைத் திறந்தாள். மூடினாள். தானியா மட்டும் காலித் தட்டோடு சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த செய்தி.

"எம் பொண்ணு ஸிவார், உங்க ஜுமானா வகுப்புதான்" என்று உம்மு ஸாஹிர் ஆரம்பித்தாள். "அவளுக்கு எங்க ஊர்ப் பேச்சுதான் வரும். பள்ளிக்கூடம் திறந்த முத நாள் டீச்சருக்குப் பதில் சொன்னப்ப உங்க பொண்ணு 'மே'ன்னு ஆடு மாதிரி கத்தியிருக்கா. அதுலேர்ந்து அவ வாயைத் திறந்தாலே மேமே. இப்ப வகுப்பே கத்துதாம். போன வாரத்திலேர்ந்து பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. எங்கிட்டயும் பேச மாட்டேங்குறா, தலையைத் தலையை ஆட்டுறா. கலகலன்னு சிரிச்சுக்கிட்டே இருப்பா அக்கா எம் பொண்ணு. இப்ப வீட்டில அவ சத்தமே இல்லை."

உம்மு கைஸுக்கு ஒரு நூலிழை கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன்! எல்லாம் அந்தத் தொடரால வந்த வினை! அதைப் பார்த்துத்தான் குழந்தைங்க கெட்டுப் போறாங்க!"

"தொடர் இந்த மாசம்தானே அக்கா வந்துச்சு. நாங்களும் பார்த்தோம். முத நாள் பார்த்துட்டு ஸிவார் கேட்டா, 'அம்மா, இவங்க எங்க வகுப்புக்கு வந்து எடுத்தாங்களா?'ன்னு. எனக்கு விஷயம் தெரிஞ்சதே அன்னிக்குத்தான்."

நூல் அறுந்தது.

"உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து, எம் பொண்ணு முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் போகலை. தாய்கிட்டதான் வந்தேன்."

மற்ற நாளாயிருந்தால் உம்மு கைஸ் சளைத்திருக்க மாட்டாள். என் மகளா, சாட்சி உண்டா, உங்கள் மகள் முதலில் என்ன செய்தாள் என்று பொழுது சாயும்வரை வாதாடியிருப்பாள். ஆனால் காப்பி குடித்தாகிவிட்டது. வார்த்தை கொடுத்து, விருந்தாளி காப்பி குடித்தபின் பின்வாங்கினால், அந்த வீட்டில் அப்புறம் யார் காப்பி குடிப்பார்கள்?

அவர்கள் போனதும் ஜுமானாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஆடு மாதிரி கத்துனியாடி?"

"சும்மா வெளையாட்டுக்கும்மா. எல்லாரும்தான் கத்துறாங்க. அவதான் சும்மா சும்மா அழுவுறா."

உம்மு கைஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தொடரில் வருகிற கொடுமைக்காரப் பெண்ணும் தன் தாயிடம் இதையேதான், இதே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அந்தத் தாயும் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; "குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்று சிரித்து மழுப்பினாள். அவளை உம்மு கைஸ் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். "இவளெல்லாம் ஒரு அம்மாவா!" என்று குழுவில் நடித்தே காட்டியிருக்கிறாள். இப்போது அதே சிரிப்புத் தன் உதட்டு நுனிவரை வந்து நிற்பதை உணர்ந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. அவமானமாக இருந்தது, அழுகை வந்தது.

"செருப்பைப் போடு. கிளம்பு" என்றாள்.

ஸிவார் வீட்டுக் கூடத்தில் ஜுமானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே ஒல்லியாக ஒரு பெண், கையைக் கட்டிக்கொண்டு.

"மன்னிச்சிடு."

"தரையா அழுதுச்சு? என்னைப் பார்த்துச் சொல்லு" என்றாள் ஸிவார், சுத்தமான கரக் பேச்சில். அவள் குரலைக் கேட்டு உம்மு ஸாஹிர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜுமானா நிமிர்ந்தாள். அந்த முகத்தை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அப்புறம் சொன்ன மன்னிப்பு வாயிலிருந்து சரியாக வரவில்லை. விம்மல்தான் முதலில் வந்தது.

"சரி, சரி, அழாதே. மூக்கு ஒழுகுது" என்றாள் ஸிவார். "நாளைக்கு வரேன். ஆனா நீ பள்ளிக்கூட வாசல்ல நிக்கணும். என் கையைப் பிடிச்சு எல்லாரும் பார்க்க வகுப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். எவளாவது கத்துனா நீதான் முதல்ல அவ வாயை அடைக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

மறுநாள் காலையில் ஜுமானா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கை பிடித்து நடந்தாள். ஒரே ஒருத்தி 'மே' என்று ஆரம்பித்து, ஜுமானாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினாள். சாலைக்கு எதிர்ப்புறம் காருக்குள் உட்கார்ந்து இதை ஒளிந்து பார்த்த இரண்டு தாய்மார் யார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே குழுவில் கேட்டார்கள்: கண்டனம் என்ன ஆயிற்று? உம்மு கைஸ் செல்போனை வாயருகே கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். தாய்மார் குழுவில் அவளுக்கு இருந்த மரியாதை லேசுப்பட்டதா? அது போனால் போகட்டும் என்று பேசினாள்.

"தாய்மாரே, கண்டனம் எல்லாம் இருக்கட்டும். அந்தத் தொடர்ல வந்தது எங்க வீட்டிலயே நடந்திருக்கு. எம் பொண்ணேதான். எனக்குத் தெரியவே தெரியாது. நீங்களும் உங்க பொண்ணுங்களை ஒரு வார்த்தை கேளுங்க."

அப்புறம் வந்தது பாருங்கள் வெள்ளம்! அழுகிற மூஞ்சிப் படங்கள், இதயப் படங்கள், துஆ என்கிற வேண்டுதல்கள். "அல்லா உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்." "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு." "ஜுமானாவா! பார்த்தா அப்படித் தெரியலையே!" ஒவ்வொன்றின் கடைசியிலும், ஒருத்தர் பாக்கியில்லாமல், ஒரே வரி: "நல்லவேளை, எங்க வீட்டில அப்படிக் கிடையாது." அதை எல்லாரிலும் பலமாகச் சொன்னவள் உம்மு வஸீம். அவள் மகள்தான் வகுப்பில் ஜுமானாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து, ஜுமானாவைவிட நன்றாகக் கத்துகிறவள்.

உம்மு கைஸ் ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அபூ கைஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, "அட, அச்சு அசல் நம்ம இன்னாராச்சே!" என்று ஒரு முகம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமே? யார் அது? மாடி வீட்டுக்காரரா, மைத்துனர் சம்சாரமா, கூட வேலை பார்க்கிறவரா? அவருக்கு இதை அனுப்பி வைக்கலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அவருக்கு யார் முகம் ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.