வராத டொக்டருக்கு வந்த பெயர்ப்பலகை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

பெருமதிப்புக்குரிய அத்தான், பல் வைத்தியர் டொக்டர் நாகேந்திரம் அவர்கள் சமூகத்துக்கு,

லண்டன் குளிரில் நீங்களும் நேசமலர் அக்காவும் கம்பளிக்குள் சௌகரியமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். நானும் றஞ்சிதமும் இங்கே உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். மனதளவில் என்றால் அது வேறு கதை. இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்கா அதை உங்களுக்கு முன்னரே வாசித்து, வாசித்த சூட்டோடு மிதுனாவுக்கும் அனுப்பிவிடுவா. மகளைப் பற்றி ஒரு தகப்பன் ஒளித்து எழுத வேண்டுமென்றால் இப்போது தபால்தான் கதி.

விஷயத்துக்கு வருகிறேன். மிதுனா மலேசியாவில் பல் வைத்தியம் படிக்க விண்ணப்பித்ததும், அதற்கு நீங்கள் நற்சான்று எழுதிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். போன கிழமை அதற்கான நேர்முகப் பரீட்சை கொம்பியூட்டரில் நடந்தது. அதை நான் கெடுத்துவிட்டேன். இனி அதை நிமிர்த்த உங்களால் மட்டுமே முடியும்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால் கொட்டாஞ்சேனையில் என்றுதான் சொல்வேன். அக்காவைக் கேளுங்கள், அங்கே நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஹியூபேட் என்று ஒரு பறங்கிப் பல் டொக்டர் இருந்தார். பின்னேரம் அவர் வெள்ளைக் கோட்டுடன் தேவாலயத்துக்கு நடந்து போனால் தெருவே எழுந்து நிற்கும். சாப்பாட்டுக்கடை முதலாளி அகப்பையோடு நிற்பார், சலூன்காரர் கத்தியோடு நிற்பார், பாதி சவரத்தில் இருந்த மனிதரும் நுரையோடு எழுந்து நிற்பார். கப்பல் கொம்பனிக் கிளாக்கரான எங்கள் ஐயா மழையென்றும் பாராமல் குடையை மடக்கிவிடுவார். அந்தத் தெருவும், மழைக்குப் பின் பேக்கரியிலிருந்து வரும் பாண் வாசமும், ஐயாவின் நனைந்த தலையும் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எவ்வளவு நல்ல காலம் அத்தான் அது! நானும் அப்படி நடந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் புள்ளிகள் என்னைக் காப்புறுதிக் கொம்பனிக்குத்தான் கொண்டுபோய் விட்டன. அங்கே என்னைக் கண்டு எழுந்தவர்கள் எல்லாரும் பொலிசி எடுக்கப் பயந்து எழுந்து போனவர்கள்.

பிறகு நீங்கள் அக்காவைக் கட்டினீர்கள். அதன் பின் நீங்கள் இங்கே வரும்போதெல்லாம் கல்யாண வீட்டில் முன்வரிசை சோபா உங்களுக்கு. கோயில் திருவிழாவில் ஐயர் முதல் மரியாதைக்கான காளாஞ்சித் தட்டை ஏந்திக்கொண்டு "டொக்டர் எங்கே, டொக்டர் எங்கே" என்று கூட்டத்துக்குள் தேடுவார். பக்கத்தில் நின்ற எனக்கு உங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இதில் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். அந்தச் செருப்புக்குக் காவல் நின்றதும் ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியிருக்க, என் மகளே பல் வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாமன்கடையில் இருக்கும் றஞ்சிதத்தின் மச்சாள் துஷ்யந்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவ கேட்டது என்ன தெரியுமா? "டென்டலோ? ஏன், மெடிசின் கிடைக்கேல்லையோ?" எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பஸ் பிடித்து மருதானைக்குப் போய், பலகை அடிக்கும் கடையில் "டொக்டர் மிஸ் மிதுனா சிவபாதசுந்தரம்" என்று ஆங்கிலத்தில், பித்தளையில் ஒரு பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டேன். சிங்களக் கடைக்காரர் "டொக்டர் எங்க மஹத்தயா வேலை?" என்று கேட்டார். இன்னும் விண்ணப்பமே போகவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "வெளிநாட்டில" என்றேன். பலகையைக் கொண்டுவந்து, மிதுனாவின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் பேப்பர் சுற்றி ஒளித்து வைத்தேன். அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

நேர்முகத்துக்கு அவளைத் தயார்படுத்தியதும் நான்தான். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் மனிதகுலத்துக்குச் சேவை என்று சொல், வேறு ஒன்றும் சொல்லாதே என்று சாப்பிடும்போதும் சொன்னேன், பல் விளக்கும்போதும் சொன்னேன். "அப்பா, அவையள் இதைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய் இருப்பினம்" என்றாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

அன்றைக்கு அவள் கொம்பியூட்டருக்கு முன் உட்கார முதலே நான் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டேன். பதில் சரியாக வருகிறதா என்று கேட்கத்தான். அரை மணித்தியாலம் நன்றாகத்தான் போனது. பிறகு எனக்குக் கால் விறைத்தது. கொஞ்சம் நகர்ந்தேன். பலகை சரிந்து, பேப்பர் கிழிந்து, கோயில் மணி போல ஒரு சத்தத்துடன் அவள் கதிரைக்குப் பின்னால் விழுந்து, கட்டில் காலில் சாய்ந்து, எழுத்துத் தெரிய நிமிர்ந்து நின்றது. திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நரைத்த தலை அம்மா அதை எழுத்து எழுத்தாக வாசித்தா. இனி அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"நீர் ஏற்கெனவே டொக்டரோ?"

"இல்லை மேடம். அது அப்பாட வேலை."

"அப்ப நீர் அந்தஸ்துக்காகத்தான் இந்தப் படிப்புக்கு வாறீரோ?"

சேவை, சேவை என்று நான் உள்ளே முணுமுணுத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதுவும் இருக்கு மேடம். கையால நுணுக்கமாச் செய்யிற வேலை எனக்கு விருப்பம், அதுதான் முதல் காரணம். ஆனா கோயில்ல ஐயர் எங்கட அப்பாவைத் தாண்டிப்போய் வேற ஆளுக்குக் காளாஞ்சி குடுக்கேக்க, அப்பா கோபுரத்தைப் பாக்கிற மாதிரி மேல பாத்துக்கொண்டு நிப்பார். அதைப் பாக்க எனக்கு ஏலாது. அதுக்காகவும்தான்."

அத்தான், நான் மேலே பார்ப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அலுமாரிக்குப் பின்னாலேயே நின்றிருக்கலாம். தலையில் ஒட்டடையுடன் வெளியே பாய்ந்து, "மேடம், நோ பிரஸ்டீஜ், ஒன்லி சேர்விஸ்!" என்று கத்தினேன். அந்த அம்மா திடுக்கிட்டு "இது ஆர்?" என்று கேட்க, மிதுனா "இவர்தான் அந்த அப்பா" என்றாள். வெளியே வந்தவன் வாயை மூடியிருக்கலாம். கொட்டாஞ்சேனை, சலூன், ஐயாவின் குடை எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த டொக்டர் அப்பிடி என்ன செய்தவர், எல்லாரும் எழும்பி நிக்க?" என்றா.

எழுந்து நின்றவர்களைத்தான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரை அல்ல. அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பல் பிடுங்கப் போன நான் அவர் கதிரையில் கிடந்து கத்தியபோது, அந்தப் பெரிய மனிதர் தன் வாய்க்குள் கையை விட்டு, முழுப் பல் செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து, பொக்கை வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் என் பல் வெளியே வந்துவிட்டது. அதையும் அவர்களிடம் சொன்னேன், அவர் கழற்றிக் காட்டியதை அப்படியே நடித்தும் காட்டினேன். திரையில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள். மிதுனா என்னை ஏசக்கூட இல்லை.

ஆகவே அத்தான், தயவுசெய்து அவர்களுக்கு உங்கள் கையால் எழுதுங்கள். இந்தப் பிள்ளை அந்தஸ்துக்காக வரவில்லை, அந்த நோய் தகப்பனுக்கு மட்டும்தான், தகப்பன் படிக்க வரமாட்டான் என்று உறுதி கூறுங்கள். அவளுக்கு இந்த இடம் கிடைக்காமல் போனால் நான் எந்த முகத்தோடு அவளுக்கு முன் இருந்து சோறு சாப்பிடுவது?

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
சிவபாதசுந்தரம்

பி.கு: கடித உறையை ஒட்டுவதற்குள் அவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது. ஐந்து வருஷம். றஞ்சிதம் சாமியறைக்குப் போய்விட்டா. நான் துஷ்யந்திக்குப் போன் எடுக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. மிதுனா சூட்கேசைத் திறந்து கட்டிலில் வைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் யாரோடு கதைப்பது என்று நான் இதுவரை யோசிக்கவே இல்லை அத்தான். மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் குடும்பம் முழுக்க முழுக்க அந்தஸ்துக்காகத்தான் விண்ணப்பித்தது, பிள்ளையை எடுக்க வேண்டாம் என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிவிட முடியுமா?