பச்சை மரத்தில் கடைந்த கட்டில் கால்கள்

இரும்பு கடைபவனுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. அக்காவின் நிச்சயதார்த்தத்தில், சீர்க் கட்டிலின் நான்கு கால்களையும் நானே கடைந்து தருவதாகச் சபையில் அறிவித்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பூவரசைச் சாய்த்தபோது கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கட்டில் சட்டம் செய்ய வந்த ஆசாரி, வெட்டிய முனைகளில் சாணி பூசி ஆறு மாதம் நிழலில் போடச் சொன்னார். மயிரிழை பிசகாமல் இரும்பையே கடைகிறவனுக்கு மரமெல்லாம் ஒரு பொருட்டா? சீக்கிரம் காயட்டுமென்று மொட்டை மாடியில், சித்திரை வெயிலில் அடுக்கினேன். மூன்றே நாளில் பாதிக் கட்டைகள் முனையிலிருந்து பிளந்துவிட்டன.

மிச்சத்தையாவது காப்பாற்றலாமென்று ஈரத்தோடு லேத்தில் மாட்டினேன். கடையக் கடைய மரத்தின் தண்ணீர் என் முகத்திலும் முதலாளியின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. ஆனால் கால்கள் அழகாகத்தான் வந்தன. வார்னிஷ் அடித்து, நானே நாலு தடவை ரசித்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம், அக்காவின் மாமியார் உடனே வரச் சொன்னதாக வானகரத்திலிருந்து ஆள் வந்தது. என் வாய்க்கொழுப்புக்கு அக்கா அல்லவா பேச்சு வாங்குவாள்? அப்போதே சைக்கிளை மிதித்தேன்.

மரம் காய்ந்து ஒரு கால் கோணியிருந்தது. இன்னொன்றின் வெடிப்பில் விரலே நுழைந்தது. உட்கார்ந்து பார்த்தேன், கட்டில் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

"தப்பு என்னோடதுதான் அத்தே. அக்காவ ஒண்ணும் சொல்லிடாதீங்க. வேற கால் வாங்கியாந்து மாட்டிர்றேன்."

மாமியார் என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய், தன் பழைய கட்டிலைக் காட்டினார். ஒரு காலுக்கு அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு.

"எங்க அண்ணன் கடைஞ்சது. அவனும் மரத்த அறுத்த வாரமே கடைஞ்சிட்டான். முப்பது வருசமா ஆடிகினுதான் கீது. காலெல்லாம் மாத்தாத, ஓடு வெச்சிக்கலாம். நான் திட்டுவேன்னு உங்கக்கா ரெண்டு நாளா சோறு துன்னாம அழுதுகினு கீறா. அவள துன்ன வெய்யி, அதுக்குத்தான் கூப்ட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அக்காவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து, இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பெண்ணெடுக்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக்கூட அதிகம் கேட்பதில்லை. கட்டிலைக் கடையில் வாங்குகிறோமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள்.