சக்கர பாஸும் பன்னிரண்டு கரண்டிகளும்

சக்கர பாஸ் கையில் சிக்கிய எந்தப் பொருளும், தான் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையிலேயே ஆயுளை முடித்ததில்லை. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் வீட்டு வாசல் கதவு, ஒரு காலத்தில் லொறிக் கதவு. உள்ளே இருப்பவர் யாரென்று பார்க்க, கண்ணாடியை இறக்க வேண்டும். தேயிலை ஃபெக்டரியில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். கைத்தொழில் தெரிந்த எவரும் எங்களுக்கு பாஸ்தான்.

தினமும் மின்வெட்டு இருந்த அந்தக் கஷ்டகாலத்தில், பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக உள்ள எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் சக்கரம் வைத்து மின்சாரம் எடுக்கப்போவதாக அறிவித்தார். பழைய சைக்கிள் ரிம் இருந்தது, ஓட்டோ டைனமோ இருந்தது. தண்ணீர் விழுந்து சக்கரத்தைத் தள்ள, ரிம்மைச் சுற்றிக் கட்டத்தான் ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி வாசலில் நின்று கத்தினார்.

“மூணாம் காம்பரா! ஒரு சோத்துக் கரண்டி!”

“கரண்டிய குடுத்துட்டு நாங்க எதுல பாஸ் சோறு போடுறது?”

“செரட்டையில போடுங்கக்கா. வெளிச்சம் வந்தா சோத்துல கெடக்குற கல்லாவது தெரியும்ல!”

பன்னிரண்டு காம்பராவுக்கும் பன்னிரண்டு கரண்டி. லயமே தேங்காய்ச் சிரட்டையால் சோறு போட்டுச் சாப்பிட்டது. சக்கரம் சுற்றியது, பெட்டரி நிறைந்தது, வீட்டுக்கு ஒரு குட்டி பல்பு என்று கம்பி இழுக்க ஆரம்பித்தார்.

அதைக் கடைசிக் காம்பராவில் ஆரம்பித்தார். அங்கேதான் வேணி, பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் முதல் காம்பரா. அதுவும் அவளுக்கே பாடம் நடத்தும் ஆசிரியன். என் வீட்டு பல்பு எல்லோருக்கும் பிறகுதான் எரிந்தது.

“நம்ம லயத்துக்கு எது வந்தாலும் மொதக் காம்பராவோட நின்னுடுது சார். இதாச்சும் கடைசியில இருந்து வரட்டுமே” என்றார் பாஸ். “ஓடைத் தண்ணி பொதுன்னா, வெளிச்சமும் பொதுதானுங்களே?”

பெரிய மனிதன் போலத் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு கிரிக்கெட் மேட்ச் வந்தது. என்னிடம் பெட்டரியில் ஓடும் சின்ன டிவி ஒன்று இருந்தது. பல்பைத் தவிர வேறெதையும் மாட்டக்கூடாது என்பது பாஸ் போட்ட சட்டம். கூரையோரம் போன கம்பியில் கள்ளத்தனமாக என் வயரைக் கொளுவினேன். இரண்டு ஓவர்கூடப் பார்க்கவில்லை. லயம் முழுக்க இருண்டது. ஓடைப் பக்கமிருந்து டைனமோ கருகும் வாசம் வந்தது.

விடிந்ததும் பெண்கள் பாஸை வைத்து வாங்கிவிட்டார்கள். சக்கரத்திலிருந்து ஆளுக்கொரு கரண்டியைக் கழற்றினார்கள். யாருடையது எது என்பதில் தனிச் சண்டை. நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “தெரியாத வேலையில ஏன் பாஸ் கை வைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கரண்டியையும் கழற்றிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது.

மத்தியானம் பாஸ் வந்தார். கையில் என் வயர், அழகாகச் சுருட்டியிருந்தது.

“ஒங்க கூரையில கெடந்துச்சு சார். மழைக்கு ஷாக் அடிச்சிரும். எடுத்து வைங்க.”

அவ்வளவுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அன்று மாலை, கடைசிக் காம்பரா வாசலில் தன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள் லைட் வேணியின் புத்தகத்துக்கு மேலே எரிந்தது. இரண்டு நாள் பார்த்தும் பாராதவன்போல நடந்தேன். மூன்றாம் நாள் கால் நகரவில்லை.

“தள்ளுங்க பாஸ், நான் சுத்துறேன்.”

தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே தோள் கழன்றுவிடும்போல வலித்தது. அப்போதுதான் வாய் வந்தது.

“அன்னைக்கு வயர மாட்டுனது நான்தான் பாஸ். டைனமோ எரிஞ்சது என்னாலதான். நாளைக்கு லயத்துல எல்லாருக்கும் சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க சார். இப்பப் பேசாம சுத்துங்க. பேசுனா ஒங்க கை தளருது, லைட்டு மங்குது. புள்ள படிக்குதுல்ல.”

வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். குளிருதென்று அவர் தன் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார். கண்ணைத் துடைக்க எனக்குக் கை ஒழியவில்லை.