நாற்பது நொடியில் நாலு பேர்

அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய என் அக்கா மகளுக்கு,

உன் ஒரே தாய்மாமன் ஏழு கடலுக்கும் கேட்கும்படி ஆசி கூறி எழுதுவது. மேல் மாடியில் உன் அம்மா நலம். கீழ் வீட்டில் நான் நலம். நடுவில் இருக்கும் இருபத்திரண்டு படிகள்தான் நலமில்லை. அவளால் இறங்க முடியவில்லை, என்னால் ஏற முடியவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுசாகப் படி.

"மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அந்த ரூமை அம்மாவுக்காக வெச்சிருப்பாங்க. நீங்க போய்ப் பாத்துட்டு நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்று உத்தரவிட்டாய் அல்லவா? அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன், நல்லா இல்லை என்று. காரணம் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அளவு நாடா, டார்ச், பூதக்கண்ணாடி, உன் அம்மா எழுதிக் கொடுத்த நாற்பத்தோரு கேள்விகள் சகிதம் படையெடுத்தேன். தலைமையாசிரியையாக இருந்தவள், சும்மா விடுவாளா? ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டிருந்தாள். மொத்தம் நூறு.

ஆய்வுக்கு வந்தவன் என்று தெரிந்தால் நல்லதை மட்டும் காட்டுவார்கள் என்று, நானே குடியேறப் போகிற கிழவனாக வேஷம் கட்ட நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் வேஷம் ஏற்கெனவே கட்டியிருந்தது. போனேன். வாசல் கதவு தானாகத் திறந்ததா, யாரோ மரியாதைக்காரர் திறக்கிறார் என்று நான் கதவுக்கே வணக்கம் வைத்துவிட்டேன். உட்காரச் சொன்ன சோபாவோ என்னை அப்படியே விழுங்கிவிட்டது. மேலாளர் பெண் வந்தபோது என் மூக்கும் முழங்காலும்தான் கரையில் இருந்தன. "இந்த முதியோர் இல்லத்துல..." என்று உள்ளிருந்தே ஆரம்பித்தேன். "மூத்தோர் வளாகம் சார்" என்று திருத்தி, கைகொடுத்துத் தூக்கிவிட்டு, வயசு கேட்டாள். எனக்கு எழுபது. ஆதார் அட்டையில் அறுபத்தேழு. எட்டு வயசு வரை பள்ளிக்கூடம் போகாமல் கூரைமேல் ஒளிந்திருந்த என்னை உன் அம்மா தரதரவென்று இழுத்துப்போய், "அஞ்சு வயசுதான் சார், கொஞ்சம் உசரமான பிள்ளை" என்று ஒண்ணாம் வகுப்பில் தள்ளிய கதைதான் உனக்குத் தெரியுமே. அவள் ஆயுசில் சொன்ன ஒரே பொய். நான் அட்டையில் உள்ளதையே சொன்னேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் நாடாவோடு அறைக்குள் புகுந்துவிட்டேன்.

என்ன அறை அது! கட்டிலைக் குலுக்கினேன், அசையவில்லை. அலமாரிக்குள் ஏறி நின்றேன், முனகவில்லை. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன், ஒரு கரப்பான்பூச்சி கூடக் கிடையாது. தனியாக இருக்கும் ஜீவனுக்குப் பேச்சுத்துணைக்கு ஒன்றாவது வேண்டாமா? வெறுத்துப்போய்க் குளியலறைக்குள் போனேன். ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. காற்றாடிக்காக்கும் என்று இழுத்துவிட்டேன். அவ்வளவுதான்! மணி அலற, சக்கர நாற்காலியோடு நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். சும்மா இழுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் மெல்லத் தரையில் படுத்துக்கொண்டேன். விழாமலேயே விழுந்த முதல் மனிதன் உன் மாமாதான். "இன்னைக்கு என்ன கிழமை, ஐயா?" என்றாள் நர்ஸ். "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாம் ஞாயித்துக்கிழமைதாம்மா" என்றேன். "குழப்பமா இருக்கார்" என்று எழுதிக்கொண்டாள்.

மணி அலறியதுமே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். நாற்பது நொடி. இது மனுஷர் வருகிற வேகமா? விழுந்தவருக்கு வருத்தப்படக்கூட அவகாசம் வேண்டாமா? அன்றைக்கு உன் அம்மா குளியலறையில் விழுந்தபோது, நேர் கீழே நான் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அவள் குவளையால் தரையைத் தட்டியிருக்கிறாள். என் பாட்டுக்கு மேலே யாரோ தாளம் போடுகிறார்கள் என்று நான் சத்தத்தை இன்னும் கூட்டினேன். ஒன்றரை மணி நேரம். சரி, அதை விடு. சாப்பாட்டுக்கு வருகிறேன்.

உப்பில்லை. சமுத்திரத்தையே கொண்டுவந்து கொட்டினாலும் தேறாது. எதிரே உட்கார்ந்த ரிட்டயர்டு கப்பல் கேப்டன், "புதுசா? மூணே நாள்ல நாக்கு பழகிடும்" என்றார். "என் நாக்கு யாருக்கும் பணியாது" என்றேன். "அப்போ சீட்டாட வாங்க" என்று கூப்பிட்டார். ஆறு ஆட்டம். ஆறிலும் தோற்றேன். இப்படி விருந்தாளியைத் தோற்கடிக்கிற இடத்தில் உன் அம்மாவை எப்படி விடுவது?

ஆகவே, தாய்மாமன் என்ற முறையில் என் முடிவு: வேண்டாம். இமயம் பெயர்ந்து வந்து என் மடியில் உட்கார்ந்தாலும் வேண்டாம். அவள் இங்கேதான் இருப்பாள். நான் ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன், படியிலேயே பாய் விரித்துப் படுக்கிறேன், அதே மாதிரி ஒரு சிவப்புக் கயிறு மாட்டி மறுமுனையை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்கிறேன். இதில் மாற்றமில்லை.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பல்லெல்லாம் உறுதியாக நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: குவளை விஷயத்தைத் தவிர மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிடு. கேள்வித்தாளை உன் அம்மாவிடம் நேர்மையாகத்தான் கொடுத்தேன்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, உப்புக்கு மட்டும் இரண்டு குறைத்தேன். இன்று காலை அறையை உறுதி செய்தாயிற்று. திங்களன்று போகிறாள். பக்கத்து அறை எனக்குக் கிடைக்குமா என்று அந்த மேலாளர் பெண்ணைக் கேட்டேன். எழுபது ஆனவர்களுக்குத்தானாம், அன்றைக்கு வாயெடுத்தது இதைச் சொல்லத்தான். மூச்சு வாங்க இருபத்திரண்டு படியும் ஏறி, "அக்கா, அன்னைக்கு ஸ்கூல்ல சொன்னது பொய்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு" என்று கெஞ்சினேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "உனக்காகச் சொன்ன பொய்டா அது, வாபஸ் வாங்க மாட்டேன். மூணு வருஷம் பொறு. முதல்ல நான் போய், அந்த இடம் உனக்குச் சரிப்படுமான்னு பாத்துச் சொல்றேன்" என்று கேள்வித்தாளை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.